செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தவர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றது, ஒருத்தி என் தங்கை விட்டுப்போனது. ஐந்து பேரில் ஒருவரும் சோற்றுக்காக இன்னொரு வீட்டு வாசலில் நின்றதில்லை. கொழுந்துக் கூடை சுமந்து அதைச் செய்தேன். முதுகு வலிக்குமே, தலை வலிக்குமே என்று எல்லோரும் கேட்பார்கள். அத்தனை எடையும் கடைசியில் போய் இறங்குவது குதிகாலில். அதை யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு மனிதர் கேட்டார். அவருக்கு நான் செய்தது நல்லதில்லை.

பேர் வேண்டாம். அவர் எங்கே இருக்கிறாரோ, அவர் பிள்ளைகள் என்ன செய்கிறார்களோ. குன்னூருக்கு மேலே எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராக வந்தவர். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, மருந்து அலமாரி. டாக்டர் மாதத்துக்கு ஒரு தரம் வந்துகொண்டிருந்தார், பிறகு அதுவும் நின்றுபோனது. கம்பவுண்டர் அன்னூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லியான ஆள். ஒரு இடத்தில் நிற்க மாட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி மாறி நிற்பார். பார்க்கிற நமக்குத்தான் இருப்புக் கொள்ளாது.

இன்னொன்று, அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். எதிரே யார் வந்தாலும் அவர் கண் காலில்தான் இருக்கும். காய்ச்சல் என்று போனாலும் முதலில் காலைப் பார்த்துவிட்டுத்தான் நாடியைப் பிடிப்பார். நாங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள், கண்டியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். மழையும் வெயிலும் பார்த்தவர்கள். ஆனாலும் ஒரு ஆம்பிளை காலையே உற்றுப் பார்த்தால் கூசத்தானே செய்யும்?

அவர் வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். நான் கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கிக்கொண்டு ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தேன். எதிரே இறங்கி வந்தவர் நின்றார்.

"ஏனுங்க்கா, எடது குதிகாலுங்களா?"

"என்னா?"

"இல்லீங்க, நடை சொல்லுது. காலைல எந்திரிச்சு மொத அடி வச்சா ஆணி ஏறுனாப்பல இருக்குமே?"

"என் காலு நல்லாத்தான் இருக்கு. ஒங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டு நடந்தேன். அவர் பார்க்கிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன். வளைவு திரும்பியதும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அவர் சொன்னது சரிதான். எட்டு மாதமாக அந்த வலி இருந்தது. விடியுமுன் அடுப்பு மூட்ட எழுந்து சிமிண்டுத் தரையில் முதல் அடி வைத்தால், உடைந்த கண்ணாடியில் மிதித்தது போல உயிர் போகும். சுவரைப் பிடித்துக்கொண்டு விரலால் நடந்து அடுப்படிக்குப் போவேன். தண்ணீர் கொதிக்கிறதற்குள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பெரட்டுக்கு, அதாவது காலையில் எல்லோரும் கூடிப் பேர் கொடுக்கிற இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி போய்விடும். மத்தியானம் கூடையை இறக்கிச் சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் ஆணி.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாவுக்கும் இருந்தது. அவள் என்னைவிட நாலு வயது சின்னவள். அவள் என்னிடம் சொல்லவில்லை, நான் அவளிடம் சொல்லவில்லை. லயத்து வீடுகளுக்கு முன்னால் நீளமாக ஒரு தாழ்வாரம் ஓடும், இஸ்தோப்பு என்போம். இருட்டோடு எழுந்து நான் கூட்டிய இடத்தையே கூட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். அவள் காணாமல் போகாத கோழியைத் தேடிக்கொண்டு நடப்பாள். ஒரு நாள் எதிரெதிரே வந்தபோது இரண்டு பேரும் நொண்டினோம். அதற்கப்புறம் மறைக்க என்ன இருக்கிறது?

"நடந்தாப் போயிருதுக்கா. அப்ப இது சோம்பல் வலிதானே?" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்தால் குறைகிற வலிக்கு நடைதான் மருந்து என்று இன்னும் நடந்தோம். ஞாயிற்றுக்கிழமைகூட உட்காரவில்லை. எங்களைப் போன்றவர்கள் செய்கிற தப்பு அதுதான். வேலை செய்தே எல்லாவற்றையும் சரியாக்கிவிடலாம் என்று நினைப்பு.

செல்லம்மா ஒரு வைத்தியம் கேட்டு வந்தாள். செங்கல்லை நன்றாகச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையைப் போட்டு, குதிகாலை வைத்து மிதிக்க வேண்டும். குளிருக்கு இங்கே எருக்கு முளைக்காது. காய்கறி லாரிக்காரரிடம் சொல்லி மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு கட்டு வரவழைத்தோம். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. கல் சிவக்கச் சிவக்கச் சுட்டு, இரண்டு இலையைப் போட்டு, என் எடை முழுவதையும் வைத்து மிதித்தேன். இலை கருகியது, கூடவே தோலும்.

அப்படித்தான் முதல் தரம் கம்பவுண்டரிடம் போனேன்.

நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் தரையில் குந்தி உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தார். கொப்புளத்துக்கு மருந்து தடவிக்கொண்டே, "எருக்கலையுங்களா?" என்றார்.

"ம்."

"கல்லு நல்லாச் சுட்டிருக்குமே."

"சுடத்தானே கல்லு?"

சிரித்தார். பிறகு புண்ணுக்கு எட்டாமல், குதிகாலின் உள்பக்கம் முன்னால் ஒரு இடத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். நான் உதைக்காமல் விட்டது அவர் அதிர்ஷ்டம்.

"இங்கதானுங்க இருக்குது. உள்ளங்கால்ல ஒரு தடிச்ச நாரு ஓடுதுங்க. குதியெலும்புல புடிச்சு வெரலு வரைக்கும் போவும். ராத்திரி படுத்துக் கெடக்கறப்ப அது சுருங்கிக்குது. விடிஞ்சதும் திடும்னு எந்திரிச்சு ஊனறீங்க, அது புடிச்சிருக்கற எடத்துல கிழியுது. நடக்க நடக்க எளகும். எளகிருச்சுன்னு இன்னும் நடக்கறீங்க, பொழுதோட இன்னும் கிழியுது. ஆறறதுக்கு நீங்க விட்டாத்தானுங்க?"

"எங்களுக்கு மட்டும் ஏன் வரணும்?"

"வராம என்ன பண்ணுமுங்க்கா? மேட்டுல ஏறறப்ப முன்கால்லதான் நிக்கறீங்க, குதி அந்தரத்துல தொங்குது. முதுகுல கூடை. கெண்டைக்காலு கல்லாட்ட இறுகிக் கெடக்குது. மழைன்னா ஆம்பளை அளவு ரப்பர் பூட்ஸு, மத்த நேரம் வெறுங்காலு, கடைக்குப் போறதுக்கு அப்பளமாட்ட ஒரு செருப்பு. ஊட்டுக்குள்ள ஜில்லுனு சிமிட்டி. இப்ப ஒரு நாளைக்குப் பறிக்கற கிலோ வேற ஏத்திப்போட்டாங்க. மில்லுலயும் இப்படித்தானுங்க, எட்டு மணி நேரம் சிமிட்டித் தரைல நிக்கற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் குதிகாலு. மில்லச் சாத்துனாங்க, நான் இங்க வந்தேன். பஞ்சு போயிக் கொழுந்து வந்துச்சு. காலு ஒண்ணுதானுங்க."

பேசிக்கொண்டே எழுந்துபோய் வாசல் படியின் விளிம்பில் விரலை மட்டும் ஊன்றி, குதிகாலைக் கீழே தொங்கவிட்டு மெல்ல இறக்கி ஏற்றினார். இதைத்தான் நாங்கள் ரோட்டிலிருந்து பார்த்து, கம்பவுண்டர் படியில் தொங்குகிறார் என்று சிரிப்போம். அவருக்கும் அதே வலி என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

"பாய்ல இருந்து எந்திரிக்கறதுக்கு முன்னால, உக்காந்தமேனிக்கே துண்டை வெரலுக்கு அடியில குடுத்து உங்க பக்கமா இழுங்க. முப்பது எண்ணுங்க. மூணு தரம். அப்பறம் ஒரு பாட்டில்ல தண்ணி ரொப்பி உள்ளங்காலுக்கு அடியில வச்சு உருட்டுங்க."

"பாட்டிலுக்கு எங்க போறது?"

"உங்க ஊட்டுக்கார அண்ணன் குடிச்சு வைக்காத பாட்டிலுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைச் சேலையால் மூடிக்கொண்டேன்.

"இன்னொண்ணுங்க. பாயை விட்டு எந்திரிக்கறப்பவே செருப்பை மாட்டிக்கோங்க. ஊட்டுக்குள்ளயும் செருப்போடவே நடங்க."

சிரிப்பு போய்விட்டது.

"சாமி படம் இருக்குற காம்பராவுலயா?"

"சாமி கோவிச்சுக்காதுங்க."

"ஒங்க சாமி கோவிச்சுக்காது. நாங்க கடல் தாண்டி வரும்போது தலையில வச்சுக் கொண்டாந்த படம் அது. அதுக்கு முன்னால செருப்போட நடக்கச் சொல்றீங்க."

அவர் வாதாடவில்லை. தரையைப் பார்த்து யோசித்தார். "அப்பக் கம்பளிங்க? பழங்கம்பளிய நாலா மடிச்சு அடியில வச்சுத் தச்சு, மேல ஒரு பட்டை குடுத்துப் போட்டுக்கோங்க. அது செருப்பு இல்லீங்களே, துணிதானே?"

நான் இறங்கி வந்தேன். தைக்கவும் இல்லை. அவர் சொல்லி நான் செய்வதா என்று ஒரு வீம்பு.

ஆனால் அவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. செல்லம்மா குன்னூரில் போய் எக்ஸ்ரே படம் எடுத்து வந்தாள். குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று அழுதாள். "வலியே இல்லாத ஆளுக்கும் படம் எடுத்தா அது இருக்குமுங்க. எலும்ப விட்டுட்டு நாரைப் பாருங்க" என்று சொல்லி அவளைத் தேற்றினார். அதே வாரம் மேல் லயத்துக் கிழவி ஒருத்தி கால் மரத்துப் போகிறது, வீங்குகிறது என்று வந்தபோது அவளுக்குத் துண்டும் சொல்லவில்லை, பாட்டிலும் சொல்லவில்லை. "இது என்ற வைத்தியத்துல அடங்காதுங்க, சர்க்கரை பாக்கோணும்" என்று அவரே பஸ் வரைக்கும் கூட நடந்து ஏற்றிவிட்டார். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும்தான் பின்னால் அப்படிச் செய்தேன்.

அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்று. நாங்கள் மலையில் கொழுந்து பறிக்கும்போது லயத்துப் பக்கம் வருவார். இஸ்தோப்பில் எங்கள் செருப்புகள் கிடக்கும். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடிப்பக்கம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். உள்பக்கம் தேய்ந்தால் ஒரு மாதிரி நடை, வெளிப்பக்கம் தேய்ந்தால் வேறு மாதிரி நடையாம். கடைக்காரரிடம் சொல்லித் தடித்த செருப்பு வரவழைக்கப் போகிறார், அதற்குக் கணக்கெடுக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அவருக்குத்தான் நிலை கொள்ளாதே. ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்து முடிப்பதற்குள் கால் அடுத்த வாசலுக்குப் போய்விடும். நிமிர்த்தி வைக்க மறந்துவிடுவார். சாயங்காலம் நாங்கள் வந்து பார்த்தால் பன்னிரண்டு வாசலிலும் செருப்பு கவிழ்ந்து கிடக்கும்.

செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும். இது எங்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த நாளில் சண்டையும் வந்தது.

தேயிலை விலை விழுந்திருந்த காலம் அது. ஏலத்தில் வாங்க ஆள் இல்லை என்றார்கள். எமரால்டுப் பக்கம் சிறு தோட்டக்காரர்கள் பறித்த கொழுந்தை ரோட்டில் கொட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் பேக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் புகைந்தது. பேக்டரி ஆம்பிளைகள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வேலை இல்லாத ஆம்பிளைக்கு ரசத்தில் உப்புக் கூட, குழம்பில் புளி கூட. செல்லம்மா புருஷன் ஒரு நாள் ரசச் சட்டியை வாசலில் வீசினான். போய்ப் பார்த்தால் செருப்பு கவிழ்ந்திருந்தது. என் வீட்டில் அந்த மாதம் ஏழு சண்டை. ஏழு நாளும் செருப்பு கவிழ்ந்திருந்தது என்று சத்தியம் செய்ய நான் தயார். சண்டை இல்லாத நாளும் கவிழ்ந்துதான் கிடந்தது. அதை யார் எண்ணினார்கள்?

நான் நேராகவே கேட்டேன்.

"ஐயா, செருப்பைக் கவுத்துப் போடாதீங்க. ஊட்டுல சண்டை வருது."

அவர் உண்மையாகவே திகைத்தார். "தேயிலை வெலை விழுந்ததுனால இல்லீங்களா?"

"அது வேற."

"சரிங்க்கா, இனி நிமித்தி வச்சறேன்" என்றார். இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தார். மூன்றாம் நாள் மறந்துவிட்டார்.

அப்போதுதான் புது மேனேஜர் துரை வந்தார். எஸ்டேட்டில் ஆள் அதிகம் என்றார். தலைக் கங்காணி ஒரு நாள் பெரட்டில் நின்று கத்தினார்: "வர்ற திங்கக்கெழம ஒவ்வொரு ஆளா நடக்க விட்டுப் பார்ப்பாங்க. நொண்டுற ஆளுக்கு வேலை இல்ல, பேரு வெட்டுவாங்க. கம்பவுண்டரய்யா கூட நின்னு பார்த்து எழுதுவாரு."

அன்றைக்கு எங்கள் பெரட்டில் எத்தனை பேர் நொண்டாதவர்கள்? குதிகாலே இல்லாத பெண் இருந்தால் அவளைச் சொல்லலாம். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம், கடைசிப் பெண் பள்ளிக்கூடத்தில். என் பேரை வெட்டினால் லயத்து வீடும் போகும்.

திரும்பி வரும் வழியில் செல்லம்மா சொன்னாள், "இப்பத் தெரியுதாக்கா, அந்த ஆளு ஏன் காலையே பார்த்தான்னு?"

எனக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கியதுபோல் இருந்தது. இத்தனை நாளும் பட்டியல் எடுத்திருக்கிறார். காலைப் பார்த்தது அதற்கு, செருப்பைப் பார்த்தது அதற்கு, துண்டும் பாட்டிலும் சொல்லி வாயைப் பிடுங்கியது அதற்கு. யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. நான்தான் முன்னால் நின்றேன். "வாங்கடி" என்று பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை ஆபீசுக்குப் போனேன்.

பெரிய கிளார்க்கிடம் நான் சொன்னது இரண்டே விஷயம். கம்பவுண்டர் எங்கள் காலையே பார்க்கிறார், வாசலில் கிடக்கிற செருப்பைக் கவிழ்த்துப் போடுகிறார், அதை நிறுத்தச் சொல்லுங்கள். கிளார்க்கு முகம் மலர்ந்து எழுத ஆரம்பித்தார். இரண்டு விஷயத்துக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதினார்.

"இவ்வளவு என்னாங்க எழுதுறீங்க?"

"முறையா எழுதணும்ல. மேல போற கடுதாசி. போடு கையெழுத்து, துரை கெளம்பறதுக்குள்ள குடுக்கணும்."

மற்றப் பத்துப் பேரும் கைநாட்டு. நான் கண்டியில் மூன்றாவது வரைக்கும் படித்தவள். என் பேரை முழுசாக எழுதினேன். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில், எழுதியிருப்பதைப் படித்துக் காட்டு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மழை. எல்லோரும் பூட்ஸ் போட்டு, இடுப்பில் சாக்குப் படங்கு கட்டிக்கொண்டு பெரட்டில் நின்றோம். துரை ஜீப் வரவில்லை. பனி மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. கம்பவுண்டர் கையில் அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் அங்கும் இங்கும் நடந்தார்.

"உக்காராதீங்க! ஒருத்தரும் உக்காரக் கூடாது! நின்ன எடத்துலயே காலை மாத்தி மாத்தி வச்சுட்டே இருங்க!"

"என்னா கம்பவுண்டரய்யா, டிரில் மாஸ்டர் வேலையும் குடுத்துட்டாங்களா?" என்றாள் ஒருத்தி.

"சொன்னாக் கேளுங்க. உக்காந்தா பேரு எழுதிப்போடுவேன்!"

அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் ஒரு கல் இருக்கும். போய் அதில் உட்கார்ந்தேன்.

"அக்கா, எந்திரி. எழுதிருவான்" என்று செல்லம்மா தோளைப் பிடித்து இழுத்தாள்.

"எழுதட்டும். இவன் நில்லுன்னா நிக்கவும் ஆடுன்னா ஆடவும் நான் என்ன கொரங்கா?"

அவர் என்னைப் பார்த்தார். என் பூட்ஸைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அரை மணி நேரம் அந்த ஈரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் குதிகால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வீம்பு அதை மறக்கடித்துவிட்டது.

ஜீப் வந்தது. பேர் கூப்பிட்டார்கள். கொடிக் கம்பத்திலிருந்து மடுவம் வரைக்கும் நடக்க வேண்டும். ஒவ்வொருத்தியாக நடந்தாள். செல்லம்மா நடந்தாள், புதுப் பெண் மாதிரி. இத்தனை நேரம் காலை ஆட்டிக்கொண்டே நின்றதில் எல்லோருக்கும் வலி இளகியிருந்தது. என் பேர் வந்தது. எழுந்து முதல் அடி வைத்தேன். கால் மடங்கியது. இரண்டாவது அடிக்குக் கையைக் காற்றில் வீசித்தான் நிற்க முடிந்தது.

"அந்தப் பொம்பளை" என்று துரை விரலை நீட்டினார்.

அன்றைக்குத்தான் கம்பவுண்டர் முதல் தரமாக என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் துரை பக்கம் திரும்பினார்.

"என்ற தப்புங்க. சூட்டுக்காயம் ஒண்ணு இருந்துச்சு, நேத்துக் கட்டு மாத்தி உட்டேன். கட்டு பூட்ஸுக்குள்ள மடிஞ்சு கெடக்குதாட்ட இருக்குது. இன்னும் ரெண்டு சுத்து நடக்கச் சொல்லுங்க, எறங்கிரும்."

கட்டு எதுவும் இல்லை. காயம் ஆறி மாதக்கணக்கு ஆகிவிட்டது. துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கம்பவுண்டர் என் பக்கத்தில் வந்து, பூட்ஸைச் சரி செய்கிற மாதிரி குனிந்து மெல்லச் சொன்னார்: "வெசயாப் போகாதீங்க்கா. சின்னச் சின்ன அடியா வைங்க. மடுவத்தைத் தாண்டிப் போயிச் சித்த நேரம் பனிக்குள்ள நடந்துட்டு வாங்க."

பனிக்குள் போனேன். யாருக்கும் தெரியாத இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது வலிக்கு வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது வலி இளகிவிட்டது. கம்பம் வரைக்கும் நேராக நடந்தேன். மறுபடியும் மடுவம் வரைக்கும் நடந்து காட்டினேன்.

கடைசியில் துரை அட்டையை வாங்கிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. "ஒருத்தர்கூடவா இல்லை?"

"இல்லீங்க. எல்லாக் காலும் நல்லாத்தானுங்க இருக்குது."

துரைக்கு அது பிடிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

வியாழக்கிழமை பெரட்டில் கிளார்க்கு ஒரு கடுதாசியைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். செருப்பைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பெண்களை ஆஸ்பத்திரிக்குத் தனியாக வரச்சொல்கிறார், தொடக் கூடாத விதமாகத் தொடுகிறார், ஆம்பிளைகள் இல்லாத நேரம் லயத்துக்கு வருகிறார். இன்னும் இருந்தது, என் வாயால் அதைச் சொல்ல மாட்டேன். கம்பவுண்டர் மழையில் நனைந்துகொண்டு நின்றார்.

"இது உன் கையெழுத்துதானே?" என்று துரை என்னைக் கேட்டார்.

என்னால் கம்பவுண்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலைப் பார்த்தேன். அவர் இடது குதிகாலைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்தார். சிறிது நேரத்தில் அதை இறக்கி வலதைத் தூக்கினார். வந்த நாள் முதல் அவர் இருப்புக் கொள்ளாமல் நின்றது அதனால்தான்.

நான் சொல்லியிருக்கலாம். அவர் என் காலைத் தொட்டார், என் குதிகால் வலித்தது, அதனால் தொட்டார் என்று. ஆனால் அந்த வார்த்தை வாயை விட்டு வந்தால் அடுத்த நிமிஷம் என் பேர் போகும். எனக்குப் பின்னால் பத்துப் பெண்கள், இருபது குதிகால். அவரை நல்லவர் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வலியைச் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்த்தேன். செல்லம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க தொரை" என்றேன். "என் கையெழுத்துதான்."

கேட்டது அவ்வளவுதான், சொன்னதும் அவ்வளவுதான். எஸ்டேட்டுக்கு ஆஸ்பத்திரியை மூட ஒரு காரணம் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. மத்தியானமே பூட்டுப் போட்டார்கள். பிறகு அது திறக்கவில்லை.

சாயங்காலம் அவர் ஒரு பையோடு ரோட்டில் இறங்கிப் போனார். நாங்கள் கூடையோடு ஏறி வந்துகொண்டிருந்தோம். ஒதுங்க இடமில்லாத வளைவு. காறித் துப்புவார் என்று நினைத்தேன். துப்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டே, "ஆறு மாசம் விடாமப் பண்ணோணுமுங்க்கா. நடுவுல நல்லாயிருச்சுன்னு உட்டுறாதீங்க. கம்பளியும் தச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். பஸ் போன பிறகுகூட அந்த வளைவில் அப்படியே நின்றோம்.

அன்றைக்கே கம்பளியைக் கத்தரித்துத் தைத்தேன். மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். சாமிக்குக் கோபம் இருந்தால் அது கம்பளிக்காக இருக்காது. தினமும் எழுந்திருக்குமுன் துண்டை இழுத்து முப்பது எண்ணினேன். சாயங்காலம் பாட்டிலை உருட்டினேன். பனிக்காலம் முடிந்து கோடை மழை வந்தது. ஏழாவது மாதம் ஒரு நாள் அடுப்பு மூட்டிய பிறகுதான் நினைவு வந்தது, முதல் அடி வைத்தபோது வலிக்கவில்லை என்று. அதற்கப்புறம் பதினொரு வருஷம் கூடை சுமந்தேன். மூத்தவள் கல்யாணமும் மற்றவர்கள் படிப்பும் அந்தப் பதினொரு வருஷத்தில் வந்ததுதான்.

அன்னூர்ப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் அவரைப் பார்த்ததாக என் மகன் ஒரு தரம் சொன்னான். "பொம்பளைங்ககிட்ட தப்பா நடந்துக்கிட்டாருன்னு வெரட்டுன கம்பவுண்டர்தானேம்மா?" என்று கேட்டான். அடுப்பில் என்னமோ பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அன்னூருக்கு மூன்று மணி நேரப் பயணம். போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் போக வேண்டும் என்று கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட ஒரு தரம் போய்த் திரும்பி வந்தேன். என் பிள்ளைகள் ஐந்து பேரும் அந்த மனிதரை இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். அப்படி நினைக்க வைத்த பேச்சு என்னுடையது இல்லை, அதற்குக் கீழே இருந்த பேர் என்னுடையது.

அவர் தொட்டது என் குதிகாலை. அது வலித்தது, அதனால் தொட்டார். வெட்ட என் பேர் இனி எந்தப் புத்தகத்திலும் இல்லை, அதனால் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான்.

அம்மணி, இங்கே வா. பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதியதை முதலிலிருந்து படி. நான் சொல்லாதது ஏதாவது இருந்தால் அடித்துவிடலாம். முணுமுணுக்காதே, சத்தமாகப் படி. செல்லம்மா பாட்டி பக்கத்து வீட்டில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள், அவளுக்கும் கேட்கட்டும்.